பழைய வேர்க்ஸ்டேஷன்ல லினக்ஸ் போட்டு முடிஞ்சும் ஏன் பூட் ஆகுதில்லை?

இன்ஸ்டோல் ஒழுங்கா முடிஞ்சும் கறுப்பு ஸ்கிரீன்ல கேர்சர் மட்டும் மினுங்குதெண்டா முதல்ல பார்ட்டிஷன் டேபிளைப் பாருங்கோ. அதெண்டா டிஸ்க்கில எந்தத் துண்டு எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு எழுதி வச்சிருக்கிற அட்டவணை, பழசு எம்பிஆர், புதுசு ஜிபிடி. இஞ்ச யாழ்ப்பாணத்தில ஒஃபிசுகளில கழிச்சு வாற மெஷினுகளில கனக்க பழைய பயோஸ்தான் (மெஷினைப் போட்டவுடன முதல்ல ஓடுற புரோகிராம்), அது டிஸ்க்கின்ர முதல் 512 பைட்டை மட்டும் வாசிக்கும், தபால்காரர் படலையடியில நிண்டு சைக்கிள் பெல் அடிக்கிற மாதிரி, உள்ளுக்க வரமாட்டார், ஆரும் படலையடிக்கு வந்து கடிதத்தை வாங்கவேணும். அந்த ஆள்தான் கிரப், லினக்ஸைத் தொடக்கிவிடுற சின்ன புரோகிராம். எம்பிஆர் எண்டா முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால இருக்கிற வெறும் இடத்தில கிரப் தன்ர மிச்சத்தை வைக்கும், ஜிபிடியில அந்த இடத்தில அட்டவணை இருக்கிறதால 1 எம்பியில பயோஸ் பூட் பார்ட்டிஷன் ஒண்டு தனிய வெட்டிக் குடுக்கவேணும், அதை ஃபோர்மட் பண்ணத் தேவையில்லை. டிஸ்க் 2 டிபிக்கு உள்ளயெண்டா நான் எம்பிஆரே போடச் சொல்லுவன், கரைச்சல் குறைவு. கிரப்பை எஸ்டிஏ1 எண்ட முதல் பார்ட்டிஷனில போடாதேங்கோ, எஸ்டிஏ எண்ட முழு டிஸ்க்கில போடுங்கோ.

கனபேர் டிஸ்க் பழுதெண்டு நினைச்சுக் கழட்டிப் போடினம், இன்ஸ்டோல் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற லைவ் பென்டிரைவால பூட் பண்ணிப் பார்க்க ஃபைலெல்லாம் தெரியுதெண்டா அனேகமா டிஸ்க்கில பிழையில்லை, கிரப்பைத் திரும்பப் போட்டாக் காணும்.