பழைய ஆள், புது ஆள், நடுவில் ஒரு படிக்கட்டு: கேள்வி பதில்

பெரிய நகரங்களில் அக்கம்பக்கத்துத் தகராறுகளில் நடுவில் உட்கார்ந்து பேசுவது பதினெட்டு வருடமாக என் வேலை. தீர்த்து வைத்ததைவிடத் தீராமல் எழுந்து வந்ததுதான் அதிகம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சார், முப்பது வருடமாக இதே தெருவில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். திமிர்தானே?

சிலருக்குத் திமிர்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த வருடம் இதே வீட்டில் இருப்போமா என்பதே தெரியாது. போன வீட்டில் பழகியவர்களை விட்டுவிட்டு வந்த ஆள், இங்கேயும் பத்துப் பேர் பெயரைக் கற்றுக்கொண்டு மறுபடியும் விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்று நினைப்பான். நீங்கள் வந்த புதிதில் முதலில் பேசியது யார் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக ஏற்கெனவே அங்கே இருந்த யாரோ ஒருவராகத்தான் இருக்கும். வருகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்றுகூடத் தெரியாதே.

கேள்வி: குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. வண்டி நிறுத்தினால் குறை, குப்பை வைத்தால் குறை. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அதுதான் சிக்கலே. ஒரு கட்டடத்தில் படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "இங்கே வண்டி நிறுத்தக் கூடாது." அதன் கீழே யாரோ பென்சிலால் "யார் சொன்னது?" என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே, நடுங்கின கையெழுத்தில், "இருபத்தெட்டு வருடமாக இங்கே இருப்பவர்கள்." நான் பேசப் போனபோது மூன்று பேருமே கோபமாக இருந்தார்கள். விசாரித்தால், அந்த இடத்தைக் காலியாக வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஒருவருக்கு அடிக்கடி உடம்பு முடியாமல் போகும், ஸ்ட்ரெச்சர் திரும்ப அந்த இடம் வேண்டும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் எழுதவே இல்லை. காரணத்தைத் தாளில் சேர்த்த பிறகு வண்டி தானாகவே வேறு இடத்துக்குப் போனது. நீங்களும் "விதி எங்கே?" என்று கேட்காமல் "ஏன் அப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் இரண்டு மூன்றுக்கு ஒரு காரணமும் இருக்காது, அது வேறு விஷயம்.

கேள்வி: அவர்களும் நாங்களும் ஒரே மொழி, ஒரே மாதிரி வேலை, சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறமும் ஏன் வந்தேறியைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகவே ஒரு ஆய்வு இருக்கிறது. நோர்பர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளரும் ஜான் ஸ்காட்சன் என்பவரும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரைப் பார்த்து 1965-ல் வெளியிட்டது. ஊரின் நிஜப் பெயரை மறைத்து 'வின்ஸ்டன் பார்வா' என்று எழுதினார்கள். அங்கே இரண்டு பகுதிகளிலும் தொழிலாளர் குடும்பங்கள்தான். நிறம், மதம், வருமானம் எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. ஒரு பகுதிக்காரர்கள் முன்பே வந்தவர்கள், இன்னொரு பகுதிக்காரர்கள் பின்னால் வந்தவர்கள், அவ்வளவுதான். ஆனாலும் முன்னால் வந்தவர்கள் மற்றவர்களை அழுக்கு, ஒழுங்கில்லாதவர்கள் என்றே பேசினார்கள்.

அப்படிப் பேச எப்படி முடிந்தது என்றால், முன்னால் வந்தவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியும். சங்கம், தேவாலயம் என்று எல்லாப் பொறுப்பும் அவர்கள் கையில். வம்பு பேசுவதற்கும் ஆள் வேண்டுமே, புதியவர்களுக்குள் அந்தப் பழக்கம்கூட இன்னும் வந்திருக்கவில்லை. புதுப் பகுதியில் தொந்தரவு செய்த ஓரிரு குடும்பங்களை வைத்து மொத்தப் பேரையும் எடைபோட்டார்கள், தங்களை எடைபோட மட்டும் தங்களில் சிறந்த ஆளை வைத்துக்கொண்டார்கள். உங்கள் கட்டடச் சங்கத்தில் செயலாளர், பொருளாளர் எல்லாம் எந்த வருடம் குடிவந்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் போன இடங்களில் பாதிக் கதை அந்தத் தாளிலேயே இருந்தது.

கேள்வி: எங்கள் இடத்தில் பல வருடமாக மாலையில் பாட்டு, பயிற்சி எல்லாம் நடக்கும். எதிரில் புது அடுக்குமாடி வந்ததும் இரைச்சல் என்று புகார். யார் பக்கம் நியாயம்?

என் மனசு உங்கள் பக்கம். வாஷிங்டனில் 2019-ல் இதே கதை நடந்தது. ஷா என்ற பகுதியில் ஒரு கடை 1990-களிலிருந்து வாசலில் 'கோ-கோ' இசையை ஒலிக்கவிடும், அந்த நகரத்துக் கறுப்பின மக்களின் இசை அது. பக்கத்துப் புதுக் கட்டடத்திலிருந்து புகார் போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள், ஜனம் தெருவில் இறங்கியது, சில நாட்களில் பாட்டு திரும்ப வந்தது. அடுத்த வருடம் அதையே நகரத்தின் அதிகாரபூர்வ இசையாக்கிச் சட்டமும் போட்டார்கள்.

சில நாடுகளில் இதற்கு நேரடி விதியே இருக்கிறது: ஏற்கெனவே சத்தம் உள்ள இடத்தின் பக்கத்தில் புதிதாக வீடு கட்டினால், ஒலித்தடுப்புச் செலவு கட்டுகிறவருடையது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014-லும் இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் 2018-லும் இது வந்தது. அதற்காக ராத்திரி பதினொரு மணிக்கு மேளம் அடித்துவிட்டு "நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்று சொன்னால் நான் உங்கள் கூட வரமாட்டேன். தூங்காத குழந்தைக்கு யார் முதலில் வந்தார்கள் என்பது தெரியாது.

கேள்வி: நான் குடிவந்ததால்தான் வாடகை ஏறி, பக்கத்தில் இருந்தவர் காலி செய்தார் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நானா குற்றவாளி?

தனி ஆளாக நீங்கள் குற்றவாளி இல்லை. உங்களைப் போல ஆயிரம் பேர் வரும்போது வாடகை ஏறுவதும் பொய்யில்லை. லண்டனில் உழைக்கும் மக்கள் இருந்த பகுதிகள் வசதியானவர்கள் கைக்குப் போனதைப் பார்த்து, சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-ல் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். 1979-ல் புவியியலாளர் நீல் ஸ்மித் வேறு கோணத்தைக் காட்டினார்: ஒரு இடம் இப்போது ஈட்டும் வாடகைக்கும், ஈட்டக்கூடிய வாடகைக்கும் இடைவெளி பெரிதாகும்போது முதலில் பணம் உள்ளே வருகிறது, ஆட்கள் அதன் பின்னால் வருகிறார்கள். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பே பேரம் முடிந்திருக்கும். பழையவரும் நீங்களும் படிக்கட்டில் முறைத்துக்கொள்கிறீர்கள், வாடகையை ஏற்றியவர் அந்தப் படியில் கால் வைப்பதே கிடையாது.

நியூயார்க்கை வைத்து 2004-ல் லான்ஸ் ஃப்ரீமேன், ஃபிராங்க் பிராகோனி செய்த ஆய்வில், இப்படி மாறும் பகுதிகளில் ஏழைகள் மற்ற இடங்களைவிட அதிகமாக வெளியேறவில்லை என்று வந்தது. நிறையப் பேர் சண்டை போட்ட முடிவு இது. எனக்குப் புரிந்த வரையில், இருக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள், ஆனால் காலியாகும் வீட்டுக்கு அதே மாதிரி இன்னொரு குடும்பம் வர முடிவதில்லை. வியன்னாவில் ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ இருக்கிறார்கள், அங்கே ஒரு புது ஆள் வந்ததும் பழையவருக்கு வயிற்றைக் கலக்க வேண்டியதில்லை. உங்களால் இப்போதைக்கு முடிந்தது ஒன்று உண்டு. நீங்கள் கொடுக்கும் வாடகையைப் பக்கத்து வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வீட்டு உரிமையாளரிடம் வாடகை பேசும்போது அவருக்குப் பயன்படும்.

கேள்வி: எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விழா வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பழையவர்கள் ஒரு மூலை, புதியவர்கள் ஒரு மூலை, நான் நடுவில். இப்படி நாலைந்து விழா பார்த்துவிட்டேன். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொன்னதுதான்: சமமான இடம், பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு, இவை இருந்தால்தான் பழகுவது வெறுப்பைக் குறைக்கும். பழுதான மோட்டாரை ரெண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவராகப் பொறுப்பெடுத்துச் சரிசெய்ய வையுங்கள்.

கேள்வி: மேல் வீட்டுக்காரர்கள் மேல் ஒரு குறை. வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடலாமா?

வேண்டாம். எழுதினால் நாற்பது பேர் படிப்பார்கள், அவர் மானம் போனதாக நினைத்துப் பதில் எழுதுவார், அப்புறம் என்னைக் கூப்பிடுவீர்கள். சனிக்கிழமை காலை பத்து மணி போல நீங்களே மேலே ஏறிப் போங்கள். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், ஆறு மாதமாக அதுவே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.