2022 கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நடுவர் அர்ஜென்டினாவுக்குச் சாதகமாக நடந்துகொண்டார் என்பது உண்மையா?

உண்மையில்லை. மெஸ்ஸியின் இரண்டாவது கோல், அதாவது அர்ஜென்டினாவின் மூன்றாவது கோல், விதிப்படி செல்லாது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பிரான்ஸ் அணியின் ரசிகராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நீங்கள் தவிப்பதும் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் இதே வாக்குவாதம் என் குடும்பத்தில் இன்றுவரை தீரவில்லை. நான் புதுச்சேரியில் பிறந்து, பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிப்பவன். வார இறுதிகளில் சிறுவர் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருக்கிறேன். நடுவர் நடுவருக்குத்தான் பரிந்து பேசுவார் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அன்று நான் பிரான்ஸ் வெல்லவேண்டும் என்று விரும்பியவன், தோற்றபோது மனம் ஆறாமல் இரவெல்லாம் விழித்திருந்தவன்.

முதலில் எளிதான குற்றச்சாட்டுகளை முடித்துவிடலாம். ஆட்டம் முடிந்த சில நாட்களில், இறுதியாட்டத்தை மீண்டும் நடத்தவேண்டும் என்று கோரும் இணைய மனு ஒன்றில் பிரான்ஸில் சுமார் 2 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அர்ஜென்டினாவின் டி மரியாவை பிரான்ஸின் டெம்பெலே தடுக்கி விழவைத்ததற்காகக் கொடுக்கப்பட்ட பெனால்டி தவறு என்பதும், அர்ஜென்டினாவின் இரண்டாவது கோலுக்கு முன் பிரான்ஸின் எம்பாப்பே மீது ஃபவுல் நடந்தது என்பதும் அந்த மனுவின் வாதங்கள். டெம்பெலேயின் தொடுகை மெல்லியது என்பதை நான் மறுக்கவில்லை. வேறொரு நடுவர் அதை விட்டிருக்கவும் கூடும். ஆனால் பின்னாலிருந்து ஓடிவந்தவர் முன்னால் ஓடுபவரின் காலைத் தொட்டு, அவரும் விழுந்துவிட்டால், களத்தில் கொடுத்த முடிவைத் தெளிவான, வெளிப்படையான தவறு என்று சொல்லி விஏஆர், அதாவது காணொளி பார்த்து உதவும் நடுவர் குழு, மாற்றாது. தவிர, அர்ஜென்டினாவுக்கு உதவ நினைத்த நடுவராக இருந்தால், 80ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் கோலோ முவானியை அர்ஜென்டினாவின் ஒட்டமெண்டி இழுத்ததற்குப் பெனால்டி கொடுத்து, அர்ஜென்டினா 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது 118ஆவது நிமிடத்தில் மான்டியேலின் கையில் பந்து பட்டதற்கு மீண்டும் ஒரு பெனால்டி ஏன் கொடுக்கவேண்டும்? கோப்பை கைக்கு எட்டிய நிலையில் இருந்த அணியிடமிருந்து அதைத் தள்ளிவைத்த முடிவு அது. போலந்தைச் சேர்ந்த நடுவர் ஷிமோன் மார்சினியாக் அந்த முடிவைத் தயங்காமல் கொடுத்தார்.

உங்கள் நண்பரின் வாதம் இவற்றைவிடக் கனமானது. 108ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் லௌதாரோ மார்டினெஸ் அடித்த பந்தை பிரான்ஸ் கோல்கீப்பர் லோரிஸ் தட்டிவிட, அது மெஸ்ஸியிடம் வந்து, அவர் உள்ளே தள்ளியதை பிரான்ஸின் கூண்டே கோல் கோட்டுக்கு அப்பால் நின்று வெளியே உதைத்தார். பந்து முழுமையாகக் கோட்டைத் தாண்டியதில் ஐயமில்லை. ஆனால் அது தாண்டுவதற்கு முன்பே அர்ஜென்டினாவின் மாற்று வீரர்கள் சிலர் மகிழ்ச்சியில் பக்கக் கோட்டைக் கடந்து களத்துக்குள் கால் வைத்துவிட்டார்கள் என்பதை ஆட்டம் முடிந்த பின் வெளிவந்த படங்கள் காட்டின. பிரான்ஸின் 'லெகிப்' விளையாட்டு நாளிதழ் இதை எடுத்து எழுதியது. கால்பந்து ஆட்ட விதிகளில் அப்போதிருந்த மூன்றாம் விதி என்ன சொன்னது என்றால், கோல் விழுந்த நேரத்தில் அடித்த அணியின் மாற்று வீரரோ அலுவலரோ களத்துக்குள் இருந்தார் என்பதை, ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் நடுவர் உணர்ந்தால், கோலை ரத்து செய்து, அந்த ஆள் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக் கொடுக்கவேண்டும்.

இந்த விதியை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறேன். கத்தாரின் லுசைலில் நடந்த அந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 15 வயதுக்குட்பட்டோருக்கான கோப்பை ஒன்றின் இறுதியாட்டம் அது. எங்கள் மட்டத்தில் பயிற்சி பெற்ற துணை நடுவர்கள் பெரும்பாலும் கிடைக்கமாட்டார்கள். இரு கிளப்களிலிருந்தும் ஆளுக்கொருவர் கொடி பிடிப்பார், அவர் பெரும்பாலும் ஆடுகிற பையன்களில் ஒருவனின் தகப்பனாராகவே இருப்பார். ஆகவே எல்லாவற்றையும் நானே பார்க்கவேண்டியிருந்தது. சமநிலையில் இருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் உள்ளூர் அணியின் பையன் அடித்த பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு, மெதுவாகக் கோட்டை நோக்கி உருண்டது. அது கோட்டை அடைவதற்குள், மூலைக்கொடி அருகே உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்த இரண்டு மாற்று வீரர்களும் அவர்களோடு நின்ற உதவிப் பயிற்சியாளரும் கைகளை உயர்த்தியபடி களத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். பந்தும் அவர்களும் என் கண்ணுக்கு ஒரே நேர்கோட்டில் இருந்தார்கள், அதனால் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. விசில் ஊதி, கோல் இல்லை என்று காட்டி, அவர்கள் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை எழுதும்போது இன்றும் எனக்கு உடல் பதறுகிறது. பயிற்சியாளர் வந்து எந்த விதி என்று கேட்டார், சொன்னேன், அவர் அடங்கிவிட்டார். குறை சொல்ல முடியாத மனிதர். ஆனால் களத்தைச் சுற்றியிருந்த கம்பித் தடுப்புக்கு வெளியே நின்ற பெற்றோர்கள் அடங்கவில்லை. ஒருவர் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்றார். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர், நான் பிரெஞ்சுக் குடிமகன், இவை எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அவருடைய மகன் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். ஆட்டம் பெனால்டி உதைகளுக்குப் போய், உள்ளூர் அணி தோற்றது. நான் அறிக்கை எழுதினேன், விசாரணைக்கும் போனேன். அங்கே அந்தக் கிளப்பின் சார்பில் வந்தவர், ஆட்டத்தின் உணர்ச்சி வேகத்தில் நடந்ததைப் பெரிதுபடுத்தவேண்டாம் என்று என்னிடமே கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு கிளப்பும் தன் மட்டத்துக்கேற்ற எண்ணிக்கையில் நடுவர்களைத் தரவேண்டும் என்று இந்த நாட்டில் ஒழுங்குவிதி இருக்கிறது. நடுவர்கள் கிடைக்கவில்லை என்று கிளப்கள் அழுவதும் வழக்கம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் நடுவர் பயிற்சிக்கு ஆர்வத்தோடு வந்து ஒரு பருவத்திலேயே விசிலைக் கழற்றிவைத்துவிட்டுப் போவது ஏன் என்று அந்தக் கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்பவர்கள்தான் தங்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்தக் கதையைக் கேட்டு அன்றைக்கு என்னைப் பாராட்டியவர் என் அக்காள் கணவர். அதே மாமாதான் 2022 டிசம்பர் 18 இரவு, பிரான்ஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல், "சின்னப் பிள்ளைங்க கோலை ரத்து பண்ணியே, மெஸ்ஸிக்கு மட்டும் வேற சட்டமா? சொல்லுடா" என்று கேட்டார். உங்கள் நண்பரும் இதைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்கிறார் என்பதால், மாமாவுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் தருகிறேன்.

விதியின் உயிர், நடுவர் எப்போது உணர்ந்தார் என்பதில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பார்த்தேன். லுசைலில் அந்த நொடியில் மார்சினியாக்கும் அவருடைய துணை நடுவர்களும் பார்க்கவேண்டியிருந்தவை இரண்டு: லௌதாரோ ஆஃப்சைடில் இருந்தாரா, பந்து கோட்டைத் தாண்டியதா. அவை இரண்டும் சரியாகத் தீர்மானிக்கப்பட்டன. தொலைவில், பக்கக் கோட்டின் ஓரத்தில் ஓரடி உள்ளே வந்த கால்களை அவர்கள் கவனிக்கவில்லை. நடுக்களத்திலிருந்து பந்து மீண்டும் உதைக்கப்பட்ட பிறகு அந்தக் கோலை ரத்து செய்ய விதி இடம் தருவதில்லை. பிறகு போலந்தில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது மார்சினியாக் தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எம்பாப்பே கோல் அடிக்கும்போது பிரான்ஸ் தரப்பினர் ஏழு பேர் களத்துக்குள் நிற்கும் படம் அது. எழுத்துக்கு எழுத்து விதி பார்க்கத் தொடங்கினால் இரு பக்கமும் கோல் குறையும் என்பதை மாமா அந்தப் படத்தைப் பார்த்த பின்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 2023 மார்ச்சில் கூடிய சர்வதேச விதிக்குழு, கூடுதலாக உள்ளே வந்தவர் ஆட்டத்தைப் பாதித்திருந்தால் மட்டுமே நடவடிக்கை தேவை என்று தெளிவுபடுத்திவிட்டது. இன்று அதே சிறுவர் இறுதியாட்டம் நடந்தால் நானும் கோல் என்றே காட்டுவேன். அன்றைய விதி அன்றைய ஆட்டத்துக்கு.

அர்ஜென்டினா ரசிகர்களும் இதில் மாறுபட்டவர்கள் அல்லர். 1990 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ரோம் நகரில் மேற்கு ஜெர்மனியிடம் 85ஆவது நிமிடப் பெனால்டியில் தோற்றதற்காக அவர்கள் மெக்சிகோ நடுவர் எட்கார்டோ கோடெசாலை இன்றும் விடுவதில்லை. அந்த ஆட்டத்தில் கோட்டு நடுவர்களில் ஒருவராக இருந்தவர் போலந்தின் மிஹாவ் லிஸ்ட்கெவிச். லுசைலில் துணை நடுவராக ஓடிய தோமாஷ் லிஸ்ட்கெவிச் அவருடைய மகன். தந்தை ஓடிய இறுதியாட்டத்தில் தங்களைக் கொள்ளையடித்ததாக அர்ஜென்டினாக்காரர்கள் சொன்னார்கள், மகன் ஓடியதில் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னார்கள்.

அதற்காக மார்சினியாக் அன்று பிழையே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அர்ஜென்டினாவின் அகூன்யா மோசமாகக் காலை வைத்துத் தடுத்தபோது, பிரான்ஸின் எதிர்த்தாக்குதல் ஒன்று நன்றாக உருவாகிக்கொண்டிருந்தது. ஆட்டத்தை ஓடவிட்டு, பிறகு திரும்பி வந்து அட்டையைக் காட்டியிருக்கலாம். அவர் விசில் ஊதி நிறுத்திவிட்டார். அடிபட்டவருக்கு ஏதேனும் ஆகியிருக்குமோ என்று அஞ்சி அதைத் தவறாகக் கணித்துவிட்டதாக அவரே பின்னர் சொன்னார். பிரான்ஸுக்கு உண்மையில் இழப்பு ஏற்படுத்திய முடிவு என்று நான் கருதுவது இதை ஒன்றைத்தான், ஆனால் மனுவில் கையெழுத்திட்டவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. உங்கள் நண்பர் அகூன்யாவின் அந்தத் தடுப்பை எடுத்துவைத்து வாதாடினால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். மெஸ்ஸியின் கோலைப் பற்றியே பேசினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.