தட்டின் விறைப்பும் தமனித் தசைச் செல்களும்

வணக்கம். எலியின் பெருந்தமனியிலிருந்து பிரித்தெடுத்த மென்தசைச் செல்கள், மூன்றாம் மறுவளர்ப்புக்குள்ளாகவே (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்ப்பது), சுருங்கும் தசைச் செல்லின் அடையாளப் புரதமான கால்போனினை இழந்து, தட்டையாக விரிந்து வேகமாகப் பெருகுவதாக எழுதியிருந்தீர்கள். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் இரத்த நீர்மமான சீரத்தைக் குறை கூறும் முன், செல்கள் வளரும் தட்டைக் கவனியுங்கள்.

தமனிச் சுவரின் விறைப்பு கிலோபாஸ்கல்களில் அளக்கப்படுவது. பாலிஸ்டைரீன் தட்டின் விறைப்போ ஏறத்தாழ 3 ஜிகாபாஸ்கல், அதாவது முப்பது லட்சம் கிலோபாஸ்கல். செல் தன் பரப்பிலுள்ள பற்றுப் புரதங்களான இன்டெக்ரின்கள் வழியாகத் தரையை ஓயாமல் இழுத்துப் பார்க்கிறது. தரை சற்றும் நெகிழாதபோது, உள்ளே செல்லின் சட்டகமான ஆக்டின் இழைகள் இறுகி, யாப் என்னும் புரதம் (செய்யுளின் யாப்புக்கும் இதற்கும் உறவில்லை) உட்கருவுக்குள் சென்று, பெருக்கத்துக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது.

ஆகவே 5, 25, 100 கிலோபாஸ்கல் விறைப்புள்ள பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கை ஜெல்களில் ஒரே தொகுதிச் செல்களை இட்டு ஒப்பிடுங்கள். வெறும் ஜெல்லில் செல்கள் ஒட்டமாட்டா. எல்லா ஜெல்லிலும் ஒரே அளவில் புரதப் பூச்சு வேண்டும். பூச்சுப் புரதங்களில் ஃபைப்ரோநெக்டின் தானாகவே செல்களைப் பெருகும் நிலைக்குத் தள்ளக்கூடியது என்பதால், நானாக இருந்தால் லாமினினைத் தேர்ந்தெடுப்பேன். செல் சுருங்கும் நிலையில் உள்ளதா என்றறிய, மென்தசை ஆல்ஃபா ஆக்டின் என்னும் அடையாளப் புரதத்தை மட்டும் நம்ப வேண்டாம்: விறைப்பான தரையில் இழுவிசை கூடுவதால் அது உயர்ந்தும் தெரியலாம். இன்னோர் அடையாளப் புரதமான மென்தசை மையோசினின் கனச் சங்கிலியையும் சேர்த்துப் பாருங்கள். சீரம் குறைத்த ஒரு தொகுதியையும் இணையாக வளர்த்தால், எது தட்டின் விளைவு, எது சீரத்தின் விளைவு என்பதைப் பிரித்தறியலாம்.