ஈஸ்டுக்குள் பாக்டீரியா நச்சு: கேள்வி பதில்

கே: டிஃப்தீரியா (தொண்டை அடைப்பான்) பாக்டீரியாவின் நச்சை ஈஸ்ட் வளரும் திரவத்தில் கலந்தேன். ஒன்றும் ஆகவில்லையே?

ப: நச்சு உள்ளே போகவே இல்லை. அது பற்றிக்கொள்ளும் ஏற்பி (செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதம்) ஈஸ்டில் கிடையாது, தடித்த செல்சுவர் வேறு. நச்சின் மரபணுவையே உள்ளே வைத்து, கேலக்டோஸ் என்ற சர்க்கரை கொடுத்தால் மட்டும் இயங்கும்படி அமையுங்கள். குளுக்கோஸில் அது அடங்கிக் கிடக்கும்.

கே: ஈஸ்டில் பார்ப்பது மனிதருக்கு எப்படிப் பொருந்தும்? எலியில் செய்வதுதானே முறை?

ப: இதை விரிவாகவே சொல்கிறேன். டிஃப்தீரியா நச்சு தாக்குவது இஎஃப்-2 என்ற புரதத்தை. அது முடங்கினால் செல்லில் புரதம் கட்டும் வேலை நின்றுவிடும். அந்தப் புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரே ஓர் இடத்தில், டிஃப்தமைடு என்ற வேறு வடிவமாக மாற்றப்பட்டிருக்கும். நச்சு ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்ற மூலக்கூறை ஒட்டி அதை முடக்குவது அங்கேதான். ஈஸ்டிலும் மனிதரிலும் அதே மாற்றம் உண்டு. நச்சைத் தாங்கிய ஈஸ்ட் திரிபுகளைத் துருவியபோது, டிஃப்தமைடை உருவாக்கும் மரபணுக்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்றின் மனித இணை, சினைப்பைப் புற்றுநோயில் அடிக்கடி இழக்கப்படும் மரபணு.

கே (அவரே): எலி பாலூட்டியாயிற்றே?

ப: ஆனால் எலியின் ஏற்பியில் இந்த நச்சு சரியாக ஒட்டாது. மனிதரைக் கொல்லும் அளவை எலி தாங்கிவிடும். உள்ளே வைத்தால் எலி செல்லும் சாகும், ஈஸ்டும் சாகும். நரம்பு, நோயெதிர்ப்பு பற்றிய கேள்வி என்றால் நானும் உங்கள் பக்கம்தான். அவை ஈஸ்டில் இல்லை.

கே: கேலக்டோஸ் தட்டில் மூன்றாம் நாள் நாலைந்து காலனிகள்! நச்சைத் தாங்கும் எதிர்ப்புத் திரிபா?

ப: பொறுங்கள். பல நேரம் நச்சு மரபணுவே பழுதாகியிருக்கும், அல்லது கேலக்டோஸுக்கு மரபணுவை இயக்கும் பாதை கெட்டிருக்கும். பிளாஸ்மிடை (நச்சு மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையத்தை) பிரித்தெடுத்துப் புதிய ஈஸ்டில் போடுங்கள். அங்கும் கொல்லாவிட்டால் அந்தக் காலனியை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன்.

கே: கேலக்டோஸுக்கு முன் ராஃபினோஸ் என்ற சர்க்கரையில் வளர்ப்பது எதற்கு?

ப: குளுக்கோஸ் போல அடக்காது, கேலக்டோஸ் போலத் தூண்டாது. அதில் வளர்த்துவிட்டு மாற்றினால் நச்சு சீக்கிரம் இயங்கும்.

கே: நச்சின் அளவைக் கூட்டி ஊற்றிப் பார்க்கலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: தொண்டை வலிக்கு...

ப: மருத்துவரிடம் போங்கள்.

கே: வேறொரு நச்சு. ஈஸ்டைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துத் தட்டில் வைத்த ஐந்து புள்ளிகளும் குளுக்கோஸில் வளர்ந்தன. கேலக்டோஸில் முதல் புள்ளி மட்டும் மங்கலாக. நச்சு தாக்கும் இலக்கு ஈஸ்டில் இருப்பதாகக் கொள்ளலாமா?

ப: கொல்கிறது என்பதுதான் தெரிந்திருக்கிறது. ஒப்பிட, நச்சின் செயலிழந்த வடிவத்தை வைத்தீர்களா? டிஃப்தீரியா நச்சில் 148ஆவது இடத்திலுள்ள குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தை மாற்றுவார்கள். உங்களுடையதிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். அதுவும் கொன்றால், அளவுமீறிக் குவிந்த புரதத்தின் சுமையாக இருக்கலாம். அந்தத் தட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள், பார்க்கலாம்.