கிறிஸ்துமஸ் விருந்தினருக்கு ஷார்க்குட்டரி பலகையை எப்படி அமைப்பது?

யார் யார் வருகிறார்கள் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. நீங்களும் எங்களைப் போல அமெரிக்காவில் வசிப்பவர், வருபவர்களில் பாதிப்பேர் அலுவலக நண்பர்கள், பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதப்படுத்திய இறைச்சி, சீஸ், பழங்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் அழகாக அடுக்கி வைப்பதுதான் ஷார்க்குட்டரி பலகை. அதற்கானவற்றை வாங்கக் கடைக்குப் போகும் முன், யார் எதைத் தொடமாட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் 12 பேருக்கு விருந்து. பின்னால் இரவு உணவு இருந்ததால், ஆளுக்கு 2 அவுன்ஸ் இறைச்சி, 2 அவுன்ஸ் சீஸ் என்ற கணக்கில் ஒவ்வொன்றிலும் ஒன்றரைப் பவுண்டு வாங்கினேன். (பலகை மட்டுமே உணவு என்றால் இதை இரட்டிப்பாக்க வேண்டும்.) முதலில் ஜாம், ஆலிவ் கிண்ணங்களையும், பிறகு சீஸ், அதன்பின் இறைச்சி, கடைசியில் இடைவெளிகளில் திராட்சையும் பாதாமும் என்ற வரிசையில் அடுக்கினேன். சலாமி என்னும் பதப்படுத்திய இறைச்சியின் வில்லைகளை ஒயின் கிளாஸின் விளிம்பில், ஒன்று மற்றொன்றைப் பாதி மறைக்கும்படி மடித்துப் போட்டு, மூன்று சுற்று வந்ததும் கவிழ்த்தால் ரோஜாப்பூ கிடைக்கும். அப்படி மூன்று பூக்கள் செய்தேன். பண்டிகை நிறத்துக்காக ரோஸ்மேரிக் கிளைகளையும் மாதுளை முத்துகளையும் தூவினேன். மாதுளைச் சாறு பட்டு பிரீ சீஸின் வெள்ளைத் தோல் அரைமணி நேரத்தில் இளஞ்சிவப்பாகிவிட்டது என்பதைத் தவிர, படத்தில் பார்த்ததைப் போலவே இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

முதன்முறையாகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நண்பரின் தாயார், ரோஜாவின் மேல் சாய்ந்திருந்த திராட்சை ஒன்றை எடுத்துக்கொண்டு, "பூ ரொம்ப அழகா இருக்கும்மா, பீட்ரூட்ல பண்ணினதா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. திராட்சையைக் காகிதக் கைக்குட்டையில் பொதிந்து உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் போதும்மா" என்றார். அவர் மருமகளோ சீஸ் உறைகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, பார்மிஜானோ ரெஜ்ஜியானோ என்ற இத்தாலியச் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டு உறைய வைக்கப்படுவது என்று மெல்லச் சொன்னார். அது உண்மைதான். 'என்சைம்கள்' என்று மட்டும் போட்டிருந்தால் அது எதிலிருந்து வந்தது என்பது தெரியாது. தாவர ரென்னட் அல்லது நுண்ணுயிர் ரென்னட் என்று தெளிவாகக் குறிப்பிட்ட சீஸைத்தான் சைவர்களுக்கு வாங்க வேண்டும். சலாமியும், ப்ரஷூட்டோ என்னும் பதப்படுத்திய தொடை இறைச்சியும் பன்றி. பன்றி சாப்பிடாதவர்களுக்காக நான் பெருமையோடு வைத்திருந்த பிரசாவோலா என்னும் உலர்த்திய இறைச்சியோ மாடு. கோழியும் ஆடும் மட்டும் சாப்பிடும் நம்மவர்களுக்கு அந்தப் பலகையில் இறைச்சி என்று ஒன்றுமே இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பலகைகள். அவற்றுக்குக் கத்திகளும் இடுக்கிகளும் தனித்தனி. இரண்டும் வைக்கப்படுவது வேறு வேறு மேசைகளில். சைவப் பலகையில் தாவர ரென்னட் செடார் சீஸ், அத்திப்பழ ஜாம், வறுத்த முந்திரி, கொஞ்சம் மாங்காய்த் தொக்கு. முதிர்ந்த செடாருக்குத் தொக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். இறைச்சிப் பலகையில் புகையூட்டிய வான்கோழியும் சால்மன் மீனும் ஒரு மூலையில் தனியாக இருக்கும். கோழி சாசேஜ் வாங்கினால் உறையைப் படியுங்கள். சிலவற்றின் மேல்தோல் பன்றிக் குடலால் ஆனது. ஷார்க்குட்டரி என்ற சொல்லே பிரெஞ்சில் சதை, வெந்தது என்னும் இரண்டு சொற்களிலிருந்து வந்தது, இறைச்சி இல்லாத பலகையை அப்பெயரால் அழைக்கலாமா என்று யாராவது பின்னூட்டத்தில் வாதிடக்கூடும். அவர்கள் அதைச் சீஸ் தட்டு என்று அழைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு வேளை விருந்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள், அந்தக் காகிதக் கைக்குட்டையைப் பார்க்காதவர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீஸை அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்தால்தான் மணமும் சுவையும் தெரியும். ஆனால், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய உணவு 2 மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. ஆறு மணிக்கு அழைத்தால் எட்டேகாலுக்கு வந்து, "டிராஃபிக்" என்று சிரிக்கும் நம்மவர்களை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிக் கடைப்பிடிப்பது? அன்று ஆறு மணிக்குச் சரியாக வந்தவர்கள் என் கணவரின் அலுவலக நண்பர்கள் இருவர் மட்டுமே. ஒன்றரைப் பவுண்டு இறைச்சியில் மீந்ததையெல்லாம் நான் மனம் வலிக்கக் குப்பையில் கொட்டினேன். இப்போது பாதியை மட்டும் அடுக்கி, மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து, ஆட்கள் வர வர நிரப்புகிறேன். கர்ப்பிணிகள் யாரேனும் வந்தால், லிஸ்டீரியா கிருமியின் காரணமாக, சூடாக்காத பதன இறைச்சியையும் பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸையும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

பிஸ்கட்டுகளைத் திராட்சைக்குப் பக்கத்தில் வைத்தால் நமுத்துப்போகும். தனிக் கூடையில் வையுங்கள். தேன் கிண்ணத்தைப் பலகையின் ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். எங்கள் சோபாவில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.