திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் ஏன் இல்லை?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. அண்ணன் குடும்பம் லண்டனில் இருக்கிறது. ஆவணியில் அப்பச்சியையும் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேர் போகலாம் என்றிருக்கிறோம். திருச்சியில் இவ்வளவு பெரிய டெர்மினல் கட்டியும் லண்டனுக்கு நேராக ஒரு விமானம் இல்லையே, ஏன்? சிங்கப்பூருக்காவது பெரிய விமானம் விடக்கூடாதா? போன தடவை சிங்கப்பூர் போனபோது டிக்கெட்டில் ஏ321 என்று இருந்தது, வந்தது ஏ320. காசு கொடுத்து எடுத்த சீட்டு மாறி, ஆத்தா ஓரிடம், நாங்கள் ஓரிடம். இந்த முறை எப்படி டிக்கெட் போடுவது?

பதில்: டெர்மினலின் அளவைப் பார்த்து எந்த நிறுவனமும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட திருச்சியின் புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும். கட்டடம் பயணிகளுக்கு. விமானத்துக்கு வேண்டியது ஓடுதளம். திருச்சி ஓடுதளத்தின் நீளம் சுமார் 2,480 மீட்டர், மதுரையினுடையது சுமார் 2,285. சென்னையின் பெரிய ஓடுதளம் 3,600 மீட்டரைத் தாண்டும்.

இந்த ஆயிரம் மீட்டர் வித்தியாசம் சிங்கப்பூருக்குப் போகும்போது தெரியாது. அது சுமார் 3,000 கி.மீ., நாலு மணி நேரப் பயணம். ஏ320 வகை விமானம் அதற்குத் தேவையான எண்ணெயோடு திருச்சியில் தாராளமாக ஏறிவிடும். லண்டனோ சுமார் 8,300 கி.மீ. அதற்குப் போயிங் 787 போன்ற அகல உடல் (இரண்டு நடைபாதை உள்ள) விமானம் வேண்டும், எரிபொருள் மட்டும் 40 டன்னுக்கு மேல் ஏற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் இழுப்பு குறையும், அதனால் ஓடவேண்டிய தூரம் கூடும். 787 திருச்சியில் ஏறாது என்று சொல்லவில்லை. முழு ஆள், முழு சாமான், லண்டன் வரைக்கும் எண்ணெய், மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஏறுவதுதான் சிரமம். ஒன்றைக் குறைத்தாக வேண்டும். எண்ணெயைக் குறைக்க முடியாது, ஆகவே விற்க வேண்டிய சீட்டைக் காலியாக விட வேண்டும். அப்படி ஒரு தடத்தைத் தொடங்க யாருக்கும் மனசு வராது. திருச்சி, மதுரை இரண்டிலும் ஓடுதள நீட்டிப்புப் பேச்சு வருஷக்கணக்காக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

(கானாடுகாத்தான் பக்கம் இருக்கிற இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். அது வேறு கதை. அங்கே சிறு விமானம் இறங்கினாலே நாம் சந்தோஷப்படலாம்.)

ஓடுதளம் நீண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சீட்டுக் கணக்கு. ஏர் இந்தியாவின் பழைய 787-8 விமானத்தில் 256 இருக்கைகள். வாரம் மூன்று நாள் விட்டால் போக மட்டும் 768 சீட்டு, வர இன்னொரு 768. அதில் ஐந்தில் நாலு பங்காவது நிறைய வேண்டும், அதுவும் ஆடியிலும் மார்கழியிலும்கூட. நம்மவர்கள் பயணம் செய்கிற விதமோ வேறு. அறுபதாம் கல்யாணச் சாந்தி, கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என்று சில வாரங்களில் மொத்தமாக வந்து இறங்குவோம். வருகிற விமானம் நிறைந்திருக்கும், அதே விமானம் திரும்பும்போது பாதி காலி. கூடவே, லண்டன் போய்த் திரும்ப ஒரு விமானத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்த ஒரு நாளை வேறு எந்தத் தடத்தில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்றுதான் நிறுவனம் பார்க்கும். கொச்சி நம்மைவிடப் பெரிய சந்தை, 3,400 மீட்டர் ஓடுதளமும் உண்டு. அங்கிருந்து லண்டன் கேட்விக்குக்கு வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்த நேர் சேவையையே 2025 மார்ச்சோடு நிறுத்துவதாக ஏர் இந்தியா அறிவித்தது.

சரி, சிங்கப்பூருக்குப் பெரிய விமானம்? இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. 330 பேர் போகிற விமானத்தை வாரம் நாலு நாள் விட்டால் 1,320 சீட்டு. 186 பேர் போகிற ஏ320-ஐத் தினமும் விட்டால் 1,302. எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தினமும் விமானம் இருந்தால் துக்கத்துக்கும் போகலாம், திடீர் நிச்சயதார்த்தத்துக்கும் போகலாம். சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனத்தையே பாருங்கள். அவர்களிடம் 112 இருக்கை எம்ப்ரேயர் உண்டு, 186 இருக்கை ஏ320நியோ உண்டு, 236 இருக்கை ஏ321நியோ உண்டு, 300-க்கு மேல் இருக்கை கொண்ட 787-உம் உண்டு. எந்த ஊருக்கு எது என்பதைக் கூட்டம், கட்டணம், சரக்கு, நேரம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பெரிய விமானம் வந்தால் தினசரி சேவை நாலு நாளாகச் சுருங்கலாம். எனக்கு அந்தப் பேரம் பிடிக்காது.

துபாயிலிருந்து ஏன் பெரிய விமானம் வருவதில்லை என்றும் கேட்பீர்கள், அதற்குக் காரணம் வேறு. திருச்சியிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் எந்தெந்த இந்திய ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை சீட்டு விற்கலாம் என்பதை நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் முடிவு செய்கிறது. ஆசியான் (தென்கிழக்காசிய) நாட்டு நிறுவனங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடப்பட்ட 18 இந்திய ஊர்களில் திருச்சி இருக்கிறது, மதுரை இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் திருச்சியில் குவிவது இதனால்தான். துபாய்க்கு இரு தரப்புக்கும் வாரம் சுமார் 65,000 சீட்டு என்று உச்சவரம்பு. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் பறக்கிற ஒன்பது இந்திய ஊர்களில் திருச்சியும் இல்லை, மதுரையும் இல்லை.

எதிர்காலத்தில் நம்பிக்கை வைப்பதானால் ஏ321எக்ஸ்எல்ஆர் மீது வையுங்கள். ஏ320 குடும்பத்திலேயே அதிக தூரம் பறப்பது அதுதான், எட்டும் தூரம் 8,700 கி.மீ. வரை. 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா நிறுவனம் முதலில் ஓட்டியது, அவர்கள் வைத்த இருக்கை 182 மட்டும். அதாவது 256 பேரைத் தேட வேண்டாம், 182 பேர் போதும். இண்டிகோவும் ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் 8,700 என்றால், எதிர்காற்றும் வளைந்து போகிற வான்வழியும் கையிருப்பு எண்ணெயும் போக, லண்டன் எட்டுவது இழுபறிதான். திருச்சிக்கு அப்படி ஒன்று வந்தால், முதலில் லண்டனைவிடக் கிட்டத்தில் உள்ள ஊருக்குத்தான் போகும் என்பது என் கணிப்பு.

இப்போது உங்கள் பயணம். வயதானவர்களோடு போவதால் இரண்டு வழிகளை முதலில் பாருங்கள். ஒன்று, திருச்சி அல்லது மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து லண்டன். கொழும்புக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான், அங்கே பெரிய ஏ330-இல் ஏறிக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்டாகப் போட்டால் சாமான் நேராக லண்டனில் வரும். இன்னொன்று, சென்னை போய் அங்கிருந்து நேர் விமானம். விமானம் மாறும் அலைச்சல் இல்லை, ஆனால் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஒரு பகலோ இரவோ எடுக்கும். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் கொழும்பு வழிதான். சிங்கப்பூர் வழியாக மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கிழக்கே 3,000 கி.மீ. போய் அதே தூரத்தைத் திரும்ப மேற்கே பறக்க வேண்டும், அப்பச்சிக்குக் கால் வீங்கிவிடும்.

எதுவானாலும் தனித்தனி டிக்கெட்டாக ஒட்டவைக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னால் ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

சீட்டு மாறிய விஷயம். ஏ321-உம் ஏ320-உம் ஒரே அகலம், ஒரு நடைபாதை, இருபுறமும் மும்மூன்று சீட்டு. ஏ321 ஏழு மீட்டர் நீளம் அதிகம், அவ்வளவே. வசதியில் வித்தியாசம் இல்லை. 186 சீட்டு ஏ320-இல் 31 வரிசைதான் இருக்கும், ஏ321-இல் 38, 39 வரை போகும். பழுதாலோ கூட்டம் குறைந்ததாலோ கடைசி நேரத்தில் சின்ன விமானம் வந்தால், பின் வரிசைக்காரர்களுக்கு உட்கார வரிசையே இருக்காது. ஆகவே ஏ321 என்று போட்டிருந்தாலும் 25-க்குள் வரிசை எடுங்கள். ஐந்து பேரும் ஒரே பதிவெண்ணில் (பிஎன்ஆர்) இருக்கட்டும். புக் செய்த பிறகும் வாரம் ஒருமுறை விமான வகையைப் பாருங்கள்: 32என் என்றால் ஏ320நியோ, 32க்யூ என்றால் ஏ321நியோ. மாறியிருந்தால் உடனே அழைத்து ஆத்தா பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். காசு கொடுத்த சீட்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள், தானாக வரும் என்று இருக்க வேண்டாம்.

சின்ன விமானம் வந்து, உறுதியான டிக்கெட் இருந்தும் இந்திய நிறுவனம் ஏற்ற மறுத்தால் அது வேறு கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்துவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் தந்தால் அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணத்தைச் சேர்த்து அதன் இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் நாலு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய். கவுன்ட்டரை விட்டு நகருவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.