அன்று நாலு மாதம், இன்று இரண்டு வருடமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், விமானி ஆக ஆசை. என் தாத்தா உலகப் போர் சமயத்தில் உளுந்தூர்பேட்டை விமானத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர். ‘மீசை முளைக்காத பையனுங்க நாலு மாசத்துல கத்துக்கிட்டு ஓட்டுனானுங்க’ என்பார். இப்போது விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அரைக் கோடி ஆகும் என்கிறார்கள். ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாத்தா சொன்னதில் பாதி உண்மை. அன்று டைகர் மாத் என்ற பயிற்சி விமானத்தில் பத்து மணி நேரம் பறந்ததுமே பையனைத் தனியாக ஏற்றிவிடுவார்கள். இன்றும் சோலோவுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. விமானத்தை மேலே ஏற்றி, திருப்பி, இறக்கும் கைப்பழக்கம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

டைகர் மாத்துக்குக் கூரை இல்லை, பிரேக் இல்லை, ரேடியோ இல்லை. மர புரொப்பல்லரை ஒருவர் கையால் சுழற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். முன்னால் பயிற்றுநர், பின்னால் மாணவர். இருவருக்கும் நடுவே பேச ஒரு ரப்பர் குழாய். ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. பயிற்சித் தளங்கள் பெரும்பாலும் புல்வெளிகள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதை எதிர்த்து இறங்கிக்கொள்ளலாம். இன்று புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஓடுபாதை. காற்று குறுக்கே அடித்தாலும் அதில்தான் இறங்கியாக வேண்டும். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்து, சக்கரம் தரையைத் தொடும் நொடியில் நேராக்கும் வித்தைக்கே பல மணி நேரம் போய்விடும். கத்திரி வெயிலில் காற்று லேசாகி, அதே விமானம் மேலே கிளம்ப அதிக தூரம் ஓடும். அந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மிச்ச மணி நேரமெல்லாம் இதற்குத்தான். 200 மணியில் 100 மணி விமானத்துக்குத் தானே பொறுப்பேற்கும் விமானியாகப் பறக்க வேண்டும். 300 கடல் மைல் போய் வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி வர வேண்டும். இரவில் பறக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பியும் ஓட்ட வேண்டும்.

போர்க்காலத்தில் அவசரம், 1940இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் பத்து மணி நேரம்கூட ஓட்டாதவர்களையும் சண்டைக்கு அனுப்பினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் எதிரியைப் பார்க்காமலே, பயிற்சி விபத்தில் மட்டும் 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தாத்தா பார்த்தது பறந்தவர்களை. பயிற்சியிலேயே போனவர்கள் அந்தக் கதையில் வர மாட்டார்கள்.

சரி, ஏஜென்ட் விஷயம். 200 மணியை ஆறு மாதத்தில் முடிக்க ஞாயிறு உட்பட தினமும் ஒரு மணிக்கு மேல் பறக்க வேண்டும். மழை உண்டு, விமானத்துக்குச் சர்வீஸ் உண்டு, நடுவில் டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தேர்வுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 70 மார்க் வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் குறைவாக உறுதி சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு ரூபாய் கட்டும் முன் மகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்துவிடுங்கள், முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. கண்ணாடி போட்டிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால்தான் சிக்கல். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறாளா என்றும் பாருங்கள்.

பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், எத்தனை பறக்கிற நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் போன மாதம் எத்தனை மணி பறந்தாய் என்று லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிக்குத் தக்கபடி தவணையாகக் கட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் வேறு பள்ளி பார்க்கலாம்.